சினைக் குதிரை, பின்னங்காலில் ஆழமான காயம் – சென்னை பெரும்பாக்கத்தில் உதவி வேண்டும்

மழைக்குருவி – சனி, இரவு 11.10

நண்பர்களே, அவசரம். இன்று சாயங்காலம் சதுப்பு நில ஓரச் சாலையில், குப்பைத் தொட்டி பக்கத்தில் ஒரு பெட்டைக் குதிரை நின்றுகொண்டிருந்தது. இடது பின்னங்காலை முழுதாக ஊன்றவில்லை, குளம்பின் நுனி மட்டும் தரையில் பட்டது. முட்டிக்கும் கணுவுக்கும் நடுவே உள்ளங்கை அளவுக்குச் சதை கிழிந்து, உள்ளே புழு நெளிகிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஆனால் வயிறு மட்டும் இரண்டு பக்கமும் உருண்டு தொங்குகிறது. பூச்சி வயிறு என்றுதான் முதலில் நினைத்தேன். விலாவுக்குப் பின்னால் கை வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து உதைத்தது. அப்போதுதான் புரிந்தது.

துப்பட்டாவைக் கழுத்தில் போட்டு, தெருப் பையன்கள் இரண்டு பேர் துணைக்கு வர, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்கு மெதுவாக நடத்திக் கொண்டுவந்தோம். அரைக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. தண்ணீர் வைத்தோம், ஒரு வாளியை ஒரே மூச்சில் குடித்தது.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு படி கொள்ளு வேகவைத்துக் கொண்டுவந்து நிற்கிறார். பழைய சோறும் ரொட்டியும்கூட வந்திருக்கின்றன. கொடுக்கலாமா? எனக்கு நாய், பூனை வளர்த்த பழக்கம்தான். குதிரை பற்றி ஒன்றும் தெரியாது.

லாடக்கார மகன் – சனி, இரவு 11.18

அக்கா, கொள்ளை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். சோறு, ரொட்டி எதுவுமே வேண்டாம். புல் கிடைத்தால் ஒரு கைப்பிடி, தண்ணீர், அவ்வளவுதான் இன்றைக்கு.

ஈரோட்டுக்காரர் – சனி, இரவு 11.31

ஏன் தம்பி அப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊர் அந்தியூர்ப் பக்கம். வீட்டில் சினைக் குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தோம். பட்டினி கிடந்த வயிற்றில் இரண்டு உயிர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

வேப்பேரி மாணவி – சனி, இரவு 11.52

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன், இன்னும் மருத்துவர் இல்லை. இருந்தாலும் இதை உடனே சொல்லியாக வேண்டும்.

ஐயா, உங்கள் வீட்டுக் குதிரை தினமும் சாப்பிட்ட குதிரை. இது பல வாரம் பட்டினி கிடந்தது. பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று கொள்ளு, சோறு, தானியம் போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் ஒரே பாய்ச்சலாகச் செல்லுக்குள் போய்விடும். மூன்று நாள் நன்றாகத் தின்ற குதிரை நான்காம் நாள் விழுந்து இதயமும் மூச்சும் நின்று போகலாம். காப்பாற்றிய வீட்டிலேயே இப்படிச் சாவது மிகவும் கொடுமை.

காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) கிடைத்தால் அதுதான் மிக நல்லது. மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுவும் அதிகம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாக, இரவும் சேர்த்து ஆறு வேளை. முதல் மூன்று நாள் இதைத் தாண்டவே கூடாது. பிறகு பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். இன்று இரவுக்கு அருகம்புல் போதும், ஏரிக்கரையில் கிடைக்கும். பூச்சிமருந்து அடித்த இடத்துப் புல்லாக இருக்கக் கூடாது.

புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு டீஸ்பூனில் தலை தட்டி ஒன்றரை உப்பு. பெரிய ஊசியில்லாச் சிரிஞ்சில் பீய்ச்சி அடிக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள், நல்ல சதையும் வெந்துபோகும். டர்பன்டைன் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் புழுவுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அது பச்சைச் சதையை எரிக்கும். அதையும் காலையில் மருத்துவர் பார்த்துச் செய்யட்டும். இரவு உங்களால் முடிந்ததைக் கழுவி, ஈ மொய்க்காமல் சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள்.

கையுறை கட்டாயம். நாய்க்கடியாக இருக்கலாம், வேறு தொற்றும் இருக்கலாம். பின்னால் நிற்காதீர்கள். தோளருகே நின்று, பேசிக்கொண்டே தொடுங்கள்.

ஈரோட்டுக்காரர் – ஞாயிறு, அதிகாலை 12.10

சரி அம்மா, புரிகிறது. நான் சொன்னதை விட்டுவிடுங்கள். நான் தாம்பரத்தில்தான் இருக்கிறேன், காலையில் அருகம்புல் இரண்டு கோணி அறுத்துக்கொண்டு வருகிறேன்.

மழைக்குருவி – ஞாயிறு, மதியம் 2.40

இரவு முழுக்க நின்றுகொண்டே இருந்தது. காலையில் பக்கத்தில் மாட்டுக்கு ஊசி போடுகிற ஒருவர் வந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். சினை என்று சொன்னேன். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா?

பிறகு குதிரை பார்க்கும் மருத்துவர் ஒருவர் பதினொன்றரைக்கு வந்தார். எலும்பு முறிவு இல்லை. முட்கம்பியோ கயிறோ அறுத்த காயம், குறைந்தது ஒரு வாரம் பழசு. ஆனால் தசைநாண் தப்பியிருக்கிறது. புழு எடுத்தார். டெட்டனஸ் தடுப்பூசி, நாய்க்கடிக்கு வாய்ப்பு இருப்பதால் ரேபிஸ் ஊசி, சினைக்குப் பொருத்தமான ஆன்டிபயாட்டிக், வலிக்கு மருந்து. ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மலவாய் வழியாகக் கை விட்டுப் பார்த்துவிட்டு, குட்டி உயிரோடு இருக்கிறது, ஒன்பது மாதத்துக்கு மேல் என்றார்.

நெஞ்சுச் சுற்றளவு 150 செ.மீ., நீளம் 140. அதைக் கணக்குப் போட்டு 265 கிலோ என்றார். அதில் குட்டியும் அடக்கம்.

பக்கத்து வீட்டு அம்மா இதற்குச் செவலை என்று பெயர் வைத்துவிட்டார். நிறம் அதுதான்.

வேப்பேரி மாணவி – ஞாயிறு, மாலை 4.15

ஊசி வேண்டாம் என்றது மிகச் சரி அக்கா. ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தடுக்கும், தொற்றை மூடி மறைக்கும், குளம்பு அழற்சியையும் கொண்டுவரலாம். மெடிக்கல் கடையில் மனிதருக்கு வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

ரத்தத்தில் சுர்ரா என்ற ஒட்டுண்ணியைப் பார்ப்பார்கள். குதிரை ஈ கடித்துப் பரப்புவது. விட்டு விட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, மெலிவு, சினை கலைவது எல்லாம் அதனால் வரலாம். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் இருக்கிறதா என்ற சோதனைக்கு மாதிரி ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முடிவு வரும்வரை வேறு குதிரை எதையும் அருகே விடாதீர்கள்.

மடிப்பாக்கம் தோழி – ஞாயிறு, மாலை 5.02

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் சேர்த்துவிடலாமே? 1903-இலிருந்து இருக்கும் கல்லூரி, எல்லா வசதியும் உண்டு. வண்டிக்கு நான் பணம் தருகிறேன்.

லாடக்கார மகன் – ஞாயிறு, மாலை 5.30

அக்கா, நல்ல மனதுதான், ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். பெரும்பாக்கத்திலிருந்து வேப்பேரி வரை சரக்கு வண்டியில், மேடவாக்கம், வேளச்சேரி நெரிசலில் இரண்டு மணி நேரம். மூன்று காலில் நிற்கும் குதிரை ஒவ்வொரு பிரேக்குக்கும் தடுமாறும். விழுந்தால் குட்டி போய்விடும். எலும்பு உடைந்திருந்தால் எப்படியாவது கொண்டுபோகத்தான் வேண்டும். இதற்கு மருத்துவர் வந்து போகிறார் அல்லவா? பிரசவத்தில் சிக்கல் வந்தால் ஏற்ற, ஒரு வண்டிக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. முதுகில் சேணம் உரசிய தழும்பு இருக்கிறதா? இருந்தால் கடற்கரையில் சவாரிக்கு நின்ற குதிரையாக இருக்கும். அப்பா 30 வருடம் திருவல்லிக்கேணியில் லாடம் அடித்தவர். மணலில் போட்ட தீவனத்தைத் தின்று தின்று குடலில் மணல் தங்கிவிடும் என்பார். அதுவே குடல்வலியாக வந்து ஆளைக் கொல்லும். லத்தியில் ஆறு உருண்டையைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். கால் மணி நேரத்தில் அடியில் மணல் படிகிறதா பாருங்கள்.

மழைக்குருவி – ஞாயிறு, இரவு 9.20

தழும்பு இருக்கிறது, இரண்டு பக்கமும். ஜாடியில் விரல் தடிமனுக்கு மணல். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. மருத்துவரிடம் சொன்னேன். இசப்கோல் ஊறவைத்துத் தீவனத்தில் கலந்து கொடுக்கச் சொல்லி அளவு சொன்னார்.

படுக்கைக்கு இரண்டு லோடு ஆற்று மணல் இறக்க நினைத்திருந்தேன். நிறுத்திவிட்டேன்.

லாடக்கார மகன் – ஞாயிறு, இரவு 9.41

உமி போடுங்கள் அக்கா, கணுவரை மூழ்குமளவுக்கு. தீவனத்தை ரப்பர் விரிப்பின் மேல் தொட்டியில் வையுங்கள். குட்டி போடும் நாள் நெருங்கும்போது உமியை அள்ளிவிட்டுச் சுத்தமான வைக்கோல். ஈரக் குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் உமி ஒட்டும்.

நல்ல காலையும் தினமும் பாருங்கள். ஒரு காலில் வலி என்றால் மொத்தப் பாரமும் அடுத்த காலுக்குப் போகும். அந்தக் குளம்பு சுடுகிறதா, கணுவுக்குப் பின்னால் நாடி தடதடவென்று அடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் அது புண்ணைவிடப் பெரிய ஆபத்து. லாடம் தேய்ந்து ஆணி தெரிகிறது என்றால் சொல்லுங்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கழற்றிவிடுகிறேன்.

மழைக்குருவி – ஐந்தாம் நாள், காலை 7.05

மூன்று நாள் கண்டம் தாண்டிவிட்டது. காய்ச்சல் இல்லை, 100.4 பாரன்ஹீட். நாடி நிமிடத்துக்கு 48. கொஞ்சம் அதிகம்தான், வலியும் சினையும் சேர்ந்தது என்கிறார் மருத்துவர். ரத்தத்தில் சுர்ரா இல்லை. இரவு பன்னிரண்டு மணி, நான்கு மணித் தீவனத்தை நானும் மடிப்பாக்கம் தோழியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். தொட்டிச் சத்தம் கேட்டதும் இப்போது மெல்லக் கனைக்கிறது. முதல் இரண்டு நாள் தலையைத் தூக்கக்கூட இல்லை.

ஒரு சந்தேகம். பால்பண்ணைக்காரர் ஒருவர் மாட்டுக்குப் போடும் கோ-4 புல் தினமும் இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வேப்பேரி மாணவி – ஐந்தாம் நாள், காலை 8.30

அதை மட்டுமே நம்பாதீர்கள். கோ-4 கம்பு நேப்பியர் வகைப் புல், அதில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முதல் வயிறு அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் குட்டியின் எலும்புக்கு அம்மாவிடமிருந்துதான் கால்சியம் போக வேண்டும். அருகம்புல்லும் குதிரை மசாலும் முதன்மையாக இருக்கட்டும். கோ-4 நறுக்கியது கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம். பத்து நாளுக்குப் பிறகு மருத்துவர் சரி என்றால், ஊறவைத்து வேகவைத்த கொள்ளைக் கைப்பிடியில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்போது வேலை கொடுக்கலாம்.

மழைக்குருவி – ஒன்பதாம் நாள், இரவு 8.15

இன்று ஒருவர் வந்து குதிரை தன்னுடையது, திருப்பித் தா என்று சத்தம் போட்டார். கையில் ஒரு காகிதமும் இல்லை. “கால் போன குதிரைக்குத் தீனி போட்டால் யார் சம்பாதிப்பது, அதனால்தான் விட்டேன். இப்போது குட்டி போடப் போகிறது, கொடு” என்றார். இரவு தூக்கம் வரவில்லை.

நீதிமன்ற வாசல் – ஒன்பதாம் நாள், இரவு 9.00

அவர் சொன்ன அந்த வாக்கியத்தைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள், கேட்ட இரண்டு பேரின் கையெழுத்தோடு. பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-இன் கீழ் குற்றம். நாளையே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல் நாள் எடுத்த படங்கள், மருத்துவர் சான்று, செலவு ரசீது எல்லாவற்றையும் இணைத்துவிடுங்கள். நீங்கள் குதிரையைத் திருடவில்லை, காவலில் வைத்திருக்கிறீர்கள் என்பது பதிவாக வேண்டும். வேப்பேரி மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ப்ளூ கிராஸுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

லாடக்கார மகன் – ஒன்பதாம் நாள், இரவு 9.50

அவர் செய்தது தப்பு, மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இங்கே யாரும் கடற்கரைக் குதிரைக்காரர்கள் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடாதீர்கள். 2020 ஊரடங்கில் மெரினா மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, தான் ஒரு வேளை சாப்பிட்டுக் குதிரைக்கு இரண்டு வேளை போட்டவர்களை எனக்குத் தெரியும். அப்பா அப்போது காசு வாங்காமல்தான் லாடம் அடித்தார். காயம்பட்ட குதிரையை எங்கே கொண்டுபோவது, யாரிடம் கேட்பது என்றே பலருக்குத் தெரியாது. நானும் அப்பாவும் நாளை அந்த ஆளிடம் பேசிப் பார்க்கிறோம்.

மழைக்குருவி – பன்னிரண்டாம் நாள், மாலை 6.30

புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். லாடக்கார மகனின் அப்பா நேரில் வந்தார். அந்த ஆளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். உரிமை வேண்டாம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது செவலையின் நெற்றியைத் தடவினார். அதுவும் அவர் கையை மோந்து பார்த்தது. எனக்கு இருந்த கோபத்தில் பாதி அப்போதே போய்விட்டது.

கிளாண்டர்ஸ் இல்லை என்று ஹிசாரிலிருந்து முடிவு வந்துவிட்டது. புண்ணில் சிவப்புச் சதை வளர்கிறது. ஆனால் தோல் மட்டத்துக்கு மேலே பூக்கோசு மாதிரி எழும்புகிறது.

வேப்பேரி மாணவி – பன்னிரண்டாம் நாள், இரவு 7.40

முட்டிக்குக் கீழே குதிரைக்கு இது வழக்கம். அங்கே தசை குறைவு, அசைவு அதிகம், அதனால் சதை வளர்ச்சி எல்லை மீறும். அதைத் தாண்டித் தோல் மூட முடியாது. மருத்துவர் மட்டமாகச் சீவிவிடுவார். அந்தச் சதையில் நரம்பு இல்லை, வலிக்காது. ஆனால் ரத்தம் கொட்டும், பயப்படாதீர்கள். பிறகு தடிமனாகப் பஞ்சு சுற்றிய கட்டு. பஞ்சு போதாமல் இறுக்கிக் கட்டினால் தசைநாண் கெட்டுவிடும்.

மழைக்குருவி – இருபத்திரண்டாம் நாள், மாலை 5.50

மடி ஒரு வாரமாக இறுகி வருகிறது. இன்று காலை காம்பு நுனியில் மெழுகுச் சொட்டு மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. வால் மூட்டைச் சுற்றிச் சதை தொளதொளவென்று ஆகிவிட்டது. நெருங்கிவிட்டதா?

ஈரோட்டுக்காரர் – இருபத்திரண்டாம் நாள், மாலை 6.20

மெழுகு வந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாள் அம்மா. குதிரை ராத்திரியில்தான் போடும், அதுவும் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு. கூட்டம் சேர்க்காதீர்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் அது அடக்கி வைத்துக்கொள்ளும். தள்ளி உட்கார்ந்து காதால் பாருங்கள். காலில் புண் இருப்பதால் படுத்து எழுந்திருக்கத் திணறும். வைக்கோலைச் சுவரோரம் மேடாகக் குவித்துவிடுங்கள், சுவரில் போய் மாட்டாது.

வேப்பேரி மாணவி – இருபத்திரண்டாம் நாள், இரவு 7.00

கடிகாரம் பக்கத்தில் இருக்கட்டும். பனிக்குடம் உடைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அரை மணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் அது உயிர்ப் பிரச்சினை. மாடு மாதிரி மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. முன்னங்கால் இரண்டு, ஒன்று சற்று முன்னே, அதன்மேல் மூக்கு, இதுதான் சரியான நிலை. வெள்ளை நீலச் சவ்வுக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் துணி மாதிரி பை முதலில் தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை. அந்த நிமிடமே பையைக் கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும். மருத்துவரைப் போனில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சு விழ வேண்டும். நஞ்சைப் பிடித்து இழுக்கவே கூடாது. தொப்புள் கொடியை வெட்டாதீர்கள், தானே அறும். அறுந்ததும் மருத்துவர் தந்த குளோர்ஹெக்சிடின் கரைசலில் முக்குங்கள்.

குதிரையின் நஞ்சு வழியாக நோய் எதிர்ப்பு குட்டிக்குப் போகாது. எல்லாம் சீம்பாலில்தான். முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் உறிஞ்சும், ஒரு நாள் கழித்தால் வீண். பசுவின் சீம்பால் இதற்கு ஈடாகாது.

மழைக்குருவி – இருபத்துநான்காம் நாள், காலை 6.40

பெண் குட்டி.

இன்னும் கைநடுக்கம் நிற்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒன்றரை மணிக்குச் செவலை கொட்டகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது. கழுத்தில் வியர்வை. 2.10-க்குப் பனிக்குடம் உடைந்தது. படுத்தது, எழுந்தது, அந்தக் காலை உதறியது, மறுபடி படுத்தது. எழும்போதெல்லாம் எனக்கு உயிரே போனது. வெள்ளைச் சவ்வு தெரிந்தபோதுதான் மூச்சு விட்டேன். 2.31-க்குக் குட்டி முழுதாக வெளியே. மூக்கிலிருந்த சவ்வைத் துடைத்ததைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. கால் மணி நேரம் அம்மாவும் குட்டியும் கொடி அறாமல் அப்படியே படுத்துக் கிடந்தார்கள். செவலை தலையைத் திருப்பி, இத்தனை நாளில் நாங்கள் கேட்காத ஒரு குரலில், மிகத் தாழ்வாகக் கூப்பிட்டது. மடிப்பாக்கம் தோழி அழுதுவிட்டாள். நானும்தான்.

3.20-க்கு நான்காவது முயற்சியில் நின்றது. ஆனால் மடி கிடைக்கவில்லை. முன்னங்கால் இடுக்கில் தேடியது, சுவரைச் சப்பியது. இடது பக்கம் போனால் புண் கால் வலியில் செவலை விலகியது. மருத்துவரைக் கேட்டு, தோழி செவலையின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் குட்டியை வலது பக்கமாக மெல்ல நகர்த்தினேன். 4.15-க்கு முதல் மடக்கு. 4.50-க்கு நஞ்சு விழுந்தது. விரித்துப் பார்த்தோம், கால்சட்டை மாதிரி இரண்டு கிளையும் நுனிவரை கிழியாமல் இருந்தது. வாளியில் மூடி மருத்துவருக்காக வைத்திருக்கிறேன்.

லாடக்கார மகன் – இருபத்துநான்காம் நாள், காலை 6.44

அக்கா! அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குளம்பு நேராக இருக்கா, கேள்” என்கிறார்.

மழைக்குருவி – இருபத்தைந்தாம் நாள், மதியம் 1.15

குளம்பு நேராக இருக்கிறது ஐயா. குட்டிக்கு நெற்றியில் சின்ன வெள்ளை. பிறந்ததும் போக வேண்டிய கருமலம் போய்விட்டது. இன்று ரத்தச் சோதனையில் எதிர்ப்பு சக்தி போதுமான அளவு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நஞ்சும் முழுமை. செவலைக்குக் காய்ச்சல் இல்லை.

இனி பால் கொடுக்கும் குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் இன்னும் கூட்ட வேண்டுமாம். பக்கத்து வீட்டு அம்மா கொள்ளு அடுப்பைக் காலையிலேயே பற்றவைத்துவிட்டார்.

மழைக்குருவி – முப்பத்தெட்டாம் நாள், இரவு 8.30

புண் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சுருங்கிவிட்டது. செவலை நான்கு காலும் ஊன்றி நடக்கிறது. வேகமாகத் திரும்பினால் மட்டும் இழுக்கிறது. அந்த இழுப்பு கடைசிவரை இருக்கலாம், இனி யாரையும் சுமக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குட்டி மனை முழுக்க ஓடுகிறது.

இரண்டு உதவி வேண்டும். வியாழக்கிழமை இரவுத் தீவனத்துக்கு ஆள் இல்லை. அடுத்து, இது சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம், ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதற்குள் கொட்டகைத் தரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். வீடு இடிக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், செங்கல் உடைசல் நான்கு லோடு தேவைப்படுகிறது.

ஈரோட்டுக்காரர் – முப்பத்தெட்டாம் நாள், இரவு 8.52

வியாழன் நான் வருகிறேன் அம்மா. உடைசலுக்குச் சேலையூரில் ஒருவரைக் கேட்டிருக்கிறேன், காலையில் சொல்கிறேன்.